கஸ்தூரி கட்டம்

சென்ற மாதம் காப்பகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் நிவேதா. நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். என்னை நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, தினசரி நோட்டுல கடைசியா ஒரு கட்டம் இருக்குல்ல, அத எல்லாரும் கஸ்தூரி கட்டம்னு சொல்றாங்க. அது உங்க பேராமே? எதுக்குக்கா வெச்சாங்க? ஏதாவது அவார்டு மாதிரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவார்டு ஒண்ணும் இல்லம்மா. நான் செஞ்ச தப்புக்கு வெச்ச பேரு," என்றேன்.

"அப்ப எழுதிக் குடுங்கக்கா. இங்க ஆளுக்கொரு கதை சொல்றாங்க," என்றாள்.

அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் அடையாற்றின் கரையோரக் குடியிருப்பில். பத்தாவது தேறினேன். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருடம் அபிராமபுரத்தில் வீட்டு வேலை. அப்புறம் அடையாறில், மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய வளாகத்தின் கோடியில் இருந்த ஊர்வன காப்பகத்தில் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்த வேலை கிடைத்தது. ஆமைத் தொட்டிகளைக் கழுவினேன், முதலைக் குட்டிகளுக்கு மீன் நறுக்கினேன். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. என் உண்மையான வேலை தொடங்கியது அரணைகள் வந்த அன்றுதான்.

அந்தமானையும் தாண்டி ஒரு சின்னத் தீவு. பெயரை எழுதக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. தெரிந்தால் பிடித்து விற்பவர்கள் போய்விடுவார்கள். அந்தத் தீவில் மட்டும் வாழ்ந்த ஓர் அரணை. முதுகு வெண்கல நிறம், வால் நீலம். தீவில் படகுத்துறை கட்டச் சிமென்ட்டும் அரிசி மூட்டையும் ஏற்றிப் போன படகுகளில் எலிகளும் போய் இறங்கின. அதுவரை எலியையே பார்த்திராத தீவு அது. அரணை முட்டைகளை எலிகள் தோண்டித் தின்றன, குட்டிகளைத் தின்றன. என்ன நடக்கிறது என்று புரிந்து தேடப் போனவர்களுக்குப் பத்தொன்பது அரணைகள்தான் கிடைத்தன. அந்தப் பத்தொன்பதையும் துணிப்பைகளில் தனித்தனியாகக் கட்டி, ஒரு தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, விமானத்தில் மடியிலேயே சுமந்துகொண்டு வந்தவர் டாக்டர் வைதேகி. எங்களுக்கு மேடம்.

அரணை அறைக்கு ஆள் வேண்டும் என்றதும் யாரும் முன்வரவில்லை. அரணை நக்கினால் மரணம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கும் பயம்தான். ஆனால் ஆமைத் தொட்டி கழுவிக் கழுவி என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கையைத் தூக்கினேன்.

மேடம் ஒரு பையை அவிழ்த்து, அரணையை என் உள்ளங்கையில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் திறங்கோ கஸ்தூரி. அதுவும் உங்களப் பார்த்து நடுங்கிண்டிருக்கு."

திறந்தேன். அது என் விரல் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது. வலிக்கவே இல்லை. துணி மாட்டும் கிளிப்பைச் சும்மா விரலில் மாட்டினால் எப்படியிருக்குமோ அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சேகர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். அவர் ஆட்டோக்களுக்கு நம்பர் எழுதும் பெயின்டர். "இன்னாடி சொல்ற, அரணையா? நக்குனாலே ஆள் காலின்றாங்க. நீ அத்த கையில புட்சிக்கினு வேலை பாக்கப் போறியா?"

"அது கட்ச்சே புட்ச்சிய்யா. உக்காந்து சோறு துன்னுகினுதான் கீறேன்," என்றேன். ஒரு வாரம் அவர் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குள்ளமான உருவம். நூல் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, ரப்பர் செருப்புப் போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "நீங்கோ தயவுபண்ணி" என்று தொடங்கினால் நாங்கள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். அரணை அறைக் கதவைத் திறக்குமுன் இரண்டு தடவை மெதுவாகத் தட்டுவார். உள்ளே மனிதர் யாரும் இருக்கமாட்டார்கள். திடீரென்று திறந்தால் அரணைகள் மிரண்டு கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். தட்டினால் அவை தாமாக இலைக்கடியில் போய்விடும் என்பது அவர் கணக்கு. நானும் தட்டப் பழகினேன். வீட்டில் குளியலறைக் கதவைக்கூடத் தட்டிவிட்டுத் திறக்கும் அளவுக்குப் பழகிப்போயிற்று.

நோட்டு எழுதுவதில்தான் அவரிடம் நான் பட்ட பாடு. முதல் மாதம் ஒருநாள், "மூன்றாம் பெட்டி சோர்வாக இருந்தது" என்று எழுதிவைத்தேன்.

"சோர்வா இருந்ததுன்னு போட்டிருக்கேளே, அது உங்ககிட்ட வந்து சொல்லித்தா?"

"இல்ல மேடம், பாத்தா அப்படி இருந்துச்சு."

"என்னத்தப் பார்த்தேள்? அத எழுதுங்கோ. எங்க படுத்துண்டிருந்தது, விளக்குக்கு அடியிலயா, தண்ணிக் கிண்ணத்துக்கிட்டயா? பூச்சி போட்டப்போ நாக்க நீட்டித்தா? எத்தனை தின்னது? சோர்வு, சந்தோஷமெல்லாம் நமக்கு. பார்த்தத மட்டும் எழுதுங்கோ, அர்த்தத்த அப்புறமா சேர்ந்து யோசிக்கலாம்."

பத்தாவதில் தமிழ்ப் பரீட்சைக்குப் படித்ததைவிட அந்த நோட்டில் நான் தமிழ் கற்றுக்கொண்டது அதிகம்.

வேலை இப்படி இருக்கும். காலை எட்டு மணிக்கு வெளி அறையில் செருப்பைக் கழற்றி, மருந்துத் தண்ணீர் தட்டில் காலை நனைத்து, உள்ளே போடும் செருப்பை மாட்ட வேண்டும். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, உறை மாட்ட வேண்டும். ஓர் அரணைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் எண் எழுதிய தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம். ஒரு பெட்டியில் நுழைந்த இடுக்கி இன்னொரு பெட்டியில் நுழையக் கூடாது. பெட்டி மாறும்போது கையுறையும் மாறும். குட்டிகளை முதலில் பார்க்க வேண்டும், பெரியவற்றைப் பிறகு, சந்தேகப்படும்படி இருப்பதைக் கடைசியில். வாலைத் தொடவே கூடாது, கழன்றுவிடும். வாரம் ஒருமுறை எடை: அரணையைச் சின்ன பிளாஸ்டிக் கோப்பைக்குள் ஏறவிட்டு, கோப்பையோடு தராசில் வைத்து, கோப்பையின் எடையைக் கழிக்க வேண்டும்.

தீனி கொடுப்பது இஸ்மாயில் பாய் பொறுப்பு. மயிலாப்பூரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். பக்கத்து அறையில் டப்பா டப்பாவாகச் சிள்வண்டு வளர்ப்பார். கேரட் சீவிப் போட்டு, முட்டை அட்டைகளை அடுக்கி, மாப்பிள்ளைக்குச் செய்வது போலக் கவனிப்பார். அரணைக்குப் போடுமுன் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் அவற்றைப் புரட்டி எடுப்பார். "பவுடர் போட்டாச்சு, பொண்ணு பாக்க அனுப்பு," என்று ஒவ்வொரு நாளும் அதே நகைச்சுவையைச் சொல்லுவார். ஒவ்வொரு நாளும் நான் சிரிப்பேன்.

பத்தொன்பது மெல்ல மெல்ல நாற்பத்தொன்றாயிற்று. இதற்கிடையே தீவில் இரண்டு முறை தேடியும் ஓர் அரணைகூடத் தென்படவில்லை. அப்படியென்றால் உலகத்தில் இருந்த அந்த இனம் முழுவதும் எங்கள் அறைக்குள் இருந்தது. இதை மேடம் ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இப்போது என் தப்பு.

ஆற்றை அகலப்படுத்தப் போகிறார்கள், கரையோர வீடுகளை எடுக்கிறார்கள் என்று ஒரு வருடமாகவே பேச்சு இருந்தது. பேச்சாகவே இருந்து, ஒரு திங்கட்கிழமை லாரி வந்து நின்றது. எங்களுக்குப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு. என் மகளின் பள்ளிக்கூடம், சேகரின் ஆட்டோ ஸ்டாண்டு, என் வேலை எல்லாம் இந்தப் பக்கம். வீடு மட்டும் அந்தப் பக்கம். செவ்வாய்க்கிழமை சாமான் ஏற்றினோம். புதன்கிழமை, வீடு இருந்த இடத்தைத் தரைமட்டமாக்கிய பிறகு, மகளை மாமியார் பொறுப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்போது பதினொன்றேகால்.

நான்காம் பெட்டியைச் சுத்தம் செய்தேன். அடுத்து ஒன்பதாம் பெட்டி. அதன் இடுக்கி கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் இருந்தது. எடுத்துவர வெளி அறைக்குப் போக வேண்டும், மறுபடி காலை நனைக்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும். மூன்று மணிக்குள் மகளின் பள்ளியில் மாற்றல் விஷயம் பேசப் போக வேண்டும். என் கையில் இருந்தது நான்காம் பெட்டி இடுக்கி. அதை ஒரு துணியில் துடைத்து ஒன்பதுக்குள் விட்டேன். அதே இடுக்கியை இருபத்திரண்டுக்குள்ளும் விட்டேன். நோட்டில் "தனி இடுக்கி" என்ற இடத்தில் மூன்றுக்கும் டிக் போட்டேன். கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தெரிந்தேதான் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, நான்காம் பெட்டி ஆணின் தாடையோரத்தில் ஒரு கடுகளவு வீக்கம் பார்த்தேன். எழுதினேன். மூன்றாம் நாள் அது மிளகளவு. மேடம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த காலையில் என்னையும் இஸ்மாயில் பாயையும் கூப்பிட்டார்.

"இது ஒரு கிருமி. வாயில ஆரம்பிச்சு மூஞ்சி முழுக்க வீங்கும், அப்புறம் உள்ள போயிடும். எச்சில் பட்டா, கடிச்சிண்டா பரவும். மருந்து கொடுத்துப் பார்த்திருக்கா, கேக்கல. பிரிச்சு வைக்கறத தவிர வேற வழியில்ல. நாலு, அதுக்குப் பக்கத்துல இருக்கற மூணு, அஞ்சு, இத மூணையும் இன்னிக்கே வேற கட்டிடத்துக்கு மாத்திடலாம்."

ஒன்பது, இருபத்திரண்டு என்று என் தொண்டை வரை வந்தது. வாய் திறக்கவில்லை. ஒப்பந்த வேலை. ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம். வீடு மாறிய செலவு ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். அன்று முழுவதும் அந்த இரண்டு பெட்டிகளையும் பார்க்காமலேயே வேலை செய்தேன். ஒன்பதில் இருந்தது ஒரு பெண். தீவிலிருந்து வந்த பத்தொன்பதில் ஒன்று. வயிற்றில் முட்டை தெரிந்தது. இருபத்திரண்டு இருந்த அலமாரியின் கீழ்த்தட்டில்தான் குட்டிகளின் பெட்டிகள் எல்லாம்.

மறுநாள் காலை சிள்வண்டு அறைக்குப் போனேன். இஸ்மாயில் பாய் முட்டை அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா கஸ்தூரி, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் அட்டையைக் கீழே வைத்தார்.

"அரே அல்லா," என்றார். பிறகு, "மேடம் கிட்ட சொன்னியா?"

"வேலை போயிடும் பாய்."

"போனாலும் போவும். நீ சொல்லாங்காட்டி, பத்து நாள்ல அந்த வீக்கமே வந்து சொல்லிடும். அது சொல்றதுக்குள்ள எத்தினி குட்டி போவும்னு பாரு. நான் வேணா கூட வரட்டா?"

"வேணாம் பாய். நானே போறேன்."

மேடம் அறைக் கதவை இரண்டு தடவை தட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நின்றபடியே சொன்னேன். "நீங்கோ தயவுபண்ணி" என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

"எந்த வரிசைல?"

"நாலு, ஒம்பது, இருபத்திரண்டு."

"கையுறை?"

"மாத்துனேன் மேடம்."

"மூணுக்குமா? யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தேன். "மூணுக்கும் மாத்துனேன்."

"தண்ணிக் கிண்ணம்?"

"அதது அததுலதான் வெச்சேன்."

"வேற எதையாவது அந்த இடுக்கியால தொட்டேளா? குட்டி பெட்டி?"

"இல்ல மேடம். இருபத்திரண்டு முடிஞ்சதும் கொதிக்கவைக்கிற பாத்திரத்துல போட்டுட்டேன்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "அன்னிக்கு ஏன் அவ்வளவு லேட்டு?"

"வீட்ட இட்ச்சிட்டாங்க மேடம்."

பேனா நின்றது. "எப்போ?"

"அன்னிக்குத்தான். காலைல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னண்ட ஏன் சொல்லல?" என்றார்.

வீடு இடிந்தது என்பதை வேலை செய்யும் இடத்தில் யாரிடம் சொல்வது, எதற்குச் சொல்வது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஆத்த இடிச்ச அன்னிக்கு ஒருத்தர் உள்ள வந்து வேலை பார்த்திருக்கார், எனக்குத் தெரியல. டிக் போட்டது உங்க தப்பு. அத நான் மாத்திச் சொல்லமாட்டேன். ஆனா தப்பு நடந்தா எழுதறதுக்கு இந்த நோட்டுல நான் இடமே விடல பாருங்கோ. டிக் போடத்தான் இடம் வெச்சிருக்கேன்." ஸ்கேலை எடுத்து, அன்றைய பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார். "இன்னிலேர்ந்து இது தினமும் இருக்கும். என்ன தவறித்தோ அத எழுதலாம். எழுதினதுக்காக யாரையும் எதுவும் சொல்லமாட்டேன். எழுதாம விட்டாத்தான் கேப்பேன்."

அந்தக் கட்டத்தில் முதல் வரியை நான் எழுதினேன். மேடம் அதற்குத் தலைப்பு எதுவும் வைக்கவில்லை. பெயர் வைத்ததெல்லாம் மற்றவர்கள்.

அரை மணி நேரத்தில் ஒன்பதையும் இருபத்திரண்டையும் வேறு கட்டிடத்துக்கு மாற்றினோம். அவற்றோடு என்னையும். நோய் இருக்கும் இடத்தில் வேலை செய்பவர் ஆரோக்கியமானவை இருக்கும் அறைக்குப் போகக் கூடாது. ஐந்து பெட்டிகளும் நானும்.

முதலில் நான்காம் பெட்டி போயிற்று. எட்டாம் நாள் இருபத்திரண்டுக்கு வீக்கம் வந்தது, இரண்டு நாளில் அதுவும் போயிற்று. மூன்றுக்கும் ஐந்துக்கும் கடைசி வரை வரவில்லை. இருபத்திரண்டு குட்டிகளுக்கு மேலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான்காம் பெட்டிக்குக் கிருமி எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடித்தது இஸ்மாயில் பாய். கூரை இடுக்கு வழியாக வீட்டுப் பல்லிகள் வந்து சிள்வண்டு டப்பாக்களில் இறங்கித் தின்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் வாயிலும் அதே கிருமி. அவரே ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தார்.

பதினொன்றாம் நாள் ஒன்பதாம் பெட்டிக்கும் வந்தது.

மேலிடத்திலிருந்து பார்வையிட ஒரு குழு வந்தது. நோய் வந்ததை உடனே கருணைக்கொலை செய்துவிட வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. முப்பத்தெட்டைக் காப்பாற்ற ஒன்றை விடுவதுதான் முறை. மேடம் அவர்களிடம் பேசியதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"பத்தொன்பதுல இது ஒண்ணோட வாரிசு மட்டும் நம்மகிட்ட இல்ல. இது போச்சுன்னா ஒரு கிளையே போச்சு. வயித்துல முட்டை இருக்கு. மூணு வாரம் கொடுங்கோ. அந்தக் கட்டிடத்துலேர்ந்து ஒரு கிருமி வெளில வந்தா நான் பொறுப்பு."

மூன்று வாரம் கிடைத்தது. அதற்குள் அவள் முட்டையிட வேண்டும். முட்டையிட வேண்டுமென்றால் சாப்பிட வேண்டும். ஒன்பதின் தாடை வீங்கிச் சிள்வண்டைக் கடிக்க முடியவில்லை. பூச்சியைப் பார்ப்பாள், நாக்கை நீட்டுவாள், வாயைத் திறந்து மூடிவிடுவாள். இரண்டு நாள் அப்படியே. எடை குறைந்தது.

வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சேகர் கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்துபோய்த் தன் பெட்டியைத் திறந்தார். நம்பர் பிளேட்டில் மெல்லிய கோடு இழுக்க வைத்திருக்கும் பிரஷ், ஆறேழு மயிர்தான் இருக்கும், புதிது. "இத்த எடுத்துக்கினு போ. கரையான நசுக்கிக் கூழாக்கி, இதுல தொட்டு உதட்டுல தடவிப் பாரு. நக்குமில்ல?"

"நக்குனா மரணம்னியே?"

"அது நம்ம ஊரு அரணைக்கு," என்றார்.

நக்கினாள். முதல் நாள் ஏழு தடவை. எண்ணி எழுதினேன். அடுத்த நாள் பதினெட்டு. கரையானை நசுக்கி, பொடி கலந்து, தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம், நாளைக்கு மூன்று வேளை. பிரஷை ஒவ்வொரு முறையும் கொதிக்கவைக்க முடியாது, மயிர் கொட்டிவிடும். அதனால் ஸ்பிரிட்டில் நனைத்துக் காயவைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுவேன். மேடம் தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள், "எடை?" என்று சைகையில் கேட்டார். கூடியிருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவர் சிரித்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

பதினேழாம் நாள் மாலை நான்கு மணிக்கு, ஈரப்பாசி வைத்த மூலையில் இரண்டு முட்டைகள் இருந்தன. ஒன்று உள்ளே குழிந்திருந்தது. மற்றொன்று வெள்ளையாக, உப்பலாக, ஒரு பெரிய புளியங்கொட்டை அளவு. அரணை முட்டையை உருட்டக் கூடாது. எப்படிக் கிடந்ததோ அப்படியே எடுக்க வேண்டும், புரண்டால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். பென்சிலால் மேற்புறத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். மேடம் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, மருந்துத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி முட்டைகளைச் சுத்தம் செய்தார். இரண்டு பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

பிறகு ஒன்பதைத் தூங்கவைக்கும் நேரம் வந்தது. நான்தான் கையில் வைத்திருந்தேன். வேண்டுமானால் நான் வெளியே போகலாம் என்று மேடம் சொன்னார். போகவில்லை. ஊசி போட்ட பிறகும் என் சூட்டுக்கு அவள் உள்ளங்கையில் படுத்துக்கொண்டிருந்தாள். மேடம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், மறுபடி வைத்துக் கேட்டார். "அவ செய்ய வேண்டியத செஞ்சுட்டா, கஸ்தூரி," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோட்டில் என்ன பார்த்தேனோ அதை மட்டும் எழுதினேன். அன்று அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

குழிந்த முட்டை பூஞ்சை பிடித்துப்போயிற்று. மற்றது ஐம்பத்தெட்டாம் நாள் காலையில் கீறியது. கீறலில் ஒரு மூக்கு. அரை நாள் அப்படியே மூக்கை நீட்டிக்கொண்டு இருந்துவிட்டு, மத்தியானம் வெளியே வந்தது. தீக்குச்சி நீளம். வால் அப்படி ஒரு நீலம். இஸ்மாயில் பாய் எறும்பளவு சிள்வண்டுக் குஞ்சுகளை ஒரு மூடியில் போட்டுக் கதவு வழியாக நீட்டினார். "பவுடர் போட்டாச்சு," என்றார். குரல் உடைந்திருந்தது.

ஒரு வருடம் அதைத் தனியாகவே வைத்திருந்து, மாதா மாதம் சோதித்தோம். கிருமி இல்லை. பெண் குட்டி. பிற்பாடு அவளே பதினோரு குட்டிகளுக்குத் தாயானாள். என் வேலை போகவில்லை. இரண்டு வருடத்தில் நிரந்தரமும் ஆயிற்று.

அடுத்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஒவ்வொரு நாளும் ஒரே வேலைதான். அரணைகள் நூற்றைத் தாண்டின, பிறகு அதற்கும் மேலே. தீவில் வேறொரு கூட்டம் வருடக்கணக்காக எலிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பருவம் முழுக்கப் பொறி வைத்தும் ஓர் எலிகூடச் சிக்கவில்லை என்ற செய்தி வந்தபோது, எனக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. "கொண்டுபோய் விடறச்சே கஸ்தூரி வரணும்," என்று மேடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினார்.

அதற்கு முன் நான் விமானம் ஏறியதில்லை, பட்டினப்பாக்கத்தில் காலை நனைத்ததைத் தவிரக் கடலுக்குள் போனதும் இல்லை. விமானம் பரவாயில்லை. படகில் ஆறு மணி நேரமும் வாந்தி. அரணைப் பெட்டிகளை வெயில் படாமல் துணி போட்டு மூடிக்கொண்டு, ஒரு கையால் வாளியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வெள்ளை மணல், அதைத் தாண்டித் தாழம்புதர், அதைத் தாண்டிக் காடு. மொத்தம் நாற்பது அரணைகள். பின்னால் அடையாளம் தெரிவதற்காக ஒவ்வொன்றின் தொடைத் தோலுக்கு அடியிலும் நிறப்புள்ளிகள் வைத்திருந்தோம்: சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சேர்க்கை. ஒன்பதின் பேரக்குட்டிகள் ஆறு அதில் இருந்தன.

பெட்டியைச் சாய்த்துத் திறந்து வைத்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. கொட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். சருகு ஒன்று காற்றில் உருண்டுவந்து பெட்டி வாயில் தட்டியது. ஒன்று தலையை நீட்டி, அந்தச் சருகை நாக்கால் தொட்டுப் பார்த்தது. அடுத்த நொடி அங்கே இல்லை. அதன் பின்னாலேயே மற்றவை. மணலில் கோடுகள் மட்டும் இருந்தன. நான் வாந்தி எடுத்த களைப்பெல்லாம் போய், அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன்.

ஓய்வு பெற்று ஒரு மழைக்காலம் போயிற்று. விட்டதில் எத்தனை பிழைத்தன, எத்தனை பருந்துக்கும் நண்டுக்கும் போயின என்று யாருக்கும் தெரியாது. மேடமும் ஓய்வு பெற்றுவிட்டார். ஒருநாள் காலை அவரிடமிருந்து போன். "கஸ்தூரி, இன்னிக்கு எங்காத்துக்கு வர முடியுமா? போன்ல சொல்ல முடியாது. காட்டணும்."

பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் பிடித்து அபிராமபுரம் போனேன். இதே தெருக்களில்தான் ஒரு காலத்தில் பாத்திரம் தேய்த்தேன். மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே உட்காரவைத்து, காபி கொடுத்து, கம்ப்யூட்டரைத் திருப்பினார். தீவுக்குப் போன கூட்டம் முந்தின நாள் அனுப்பிய படங்கள். ஒருவர் கையில் ஒரு சின்ன அரணை, மல்லாக்க. தொடை தெளிவாகத் தெரிந்தது.

அருகே குனிந்து பார்த்தேன். வலது தொடை. இடது தொடை.

"கலரக் காணோமே மேடம்? நாமதான் வெச்சோமே. எது இது, எந்த பெட்டி?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காபி டம்ளரை மேசையில் வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு நாங்கள் புள்ளி வைக்கவில்லை. அதன் முட்டையை நாங்கள் எடுக்கவில்லை, பென்சிலால் குறி வைக்கவில்லை, எடை போடவில்லை. அது எந்தப் பெட்டியிலும் இருந்ததே இல்லை.

"அங்கயே பொறந்ததா?"

"அங்கயே பொறந்தது. இத மாதிரி ஏழு பார்த்திருக்கா."

அந்த நீல வாலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

"இத யாரு மேடம் பாத்துக்குவாங்க?"

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்.

"யாரும் வேண்டாம், கஸ்தூரி."